நகல் வாங்கி 30 நாளா, தீர்ப்பு வந்து 30 நாளா?

9 மார்ச் 2024, மாலை (கேள்வி)

அப்பா மேல் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட வழக்கில் ஜனவரி 5-ஆம் தேதி முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. நாங்கள் கட்டிய சுவரை இரண்டு மாதத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பீல் போக வேண்டும். சித்தப்பா, "தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள்தான், பிப்ரவரி 4-ஓடு முடிந்தது, இனி ஒன்றும் நடக்காது" என்கிறார். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவோ, "நகல் கையில் வாங்கினதிலிருந்து 30 நாள், மார்ச் 29 வரை டைம் இருக்கு" என்கிறார். நகல் வாங்கியது பிப்ரவரி 28. யார் சொல்வது சரி?

9 மார்ச், இரவு 9.40

ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. சித்தப்பா உங்களைச் சீக்கிரம் சாகடிக்கிறார், குமாஸ்தா மெதுவாகச் சாகடிக்கிறார். போகட்டும், மார்ச் 29 புனித வெள்ளி. அன்றைக்குக் கோர்ட்டே கிடையாது.

நகலின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். அதில் நகல் மனு போட்ட தேதி, நகல் செலவுக்கு ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாக இருக்கும். அந்த நான்கையும் இங்கே எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் வக்கீல் இல்லை. 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படிக்கவில்லை, நாள் எண்ணப் படித்தேன். அதையும் ஒருமுறை கோட்டை விட்டேன். அது வேறு கதை.

10 மார்ச், காலை 7.15

தேதிகள் அனுப்பியதற்கு நன்றி தம்பி. மனு ஜனவரி 22, ஸ்டாம்ப் கேட்டது பிப்ரவரி 5, கட்டியது பிப்ரவரி 9, நகல் தயார் பிப்ரவரி 22.

இப்போது கணக்கு. முன்சீப் கோர்ட் டிக்ரி (தீர்ப்பின் முறையான உத்தரவு) மேல் அதற்கு அடுத்த சப் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள். ஹைகோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் 90. இது 1963-ஆம் வருஷத்து லிமிடேஷன் ஆக்டின், அதாவது காலவரம்புச் சட்டத்தின், அட்டவணையில் 116-ஆவது இனம். 12-ஆவது பிரிவுப்படி தீர்ப்பு சொன்ன நாளை எண்ணக் கூடாது. நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களையும் கழித்துவிட வேண்டும். சித்தப்பா விட்டது இதைத்தான்.

ஜனவரி 6 முதல் 21 வரை 16 நாள் உங்கள் கணக்கில் போச்சு. பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று இருந்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஜனவரி 22-இலிருந்து பிப்ரவரி 5 வரை 15 நாள் கழிவு. பிப்ரவரி 6, 7, 8 மூன்று நாளும் ஸ்டாம்ப் கட்டாமல் நீங்கள் எடுத்துக்கொண்டது. இதையும் கழிக்கலாம் என்று வாதாடும் வக்கீல்கள் உண்டு. நான் கறாராகப் போடுகிறவன், கழிக்க மாட்டேன். பிப்ரவரி 9 முதல் 22 வரை 14 நாள் மறுபடி கழிவு. ஆக நீங்கள் செலவழித்தது 16-ம் 3-ம் 19 நாள். மீதி 11. பிப்ரவரி 23-இலிருந்து எண்ணினால் மார்ச் 5-ஆம் தேதி கெடு முடிகிறது.

நகல் தயாரான தேதிதான் கணக்கு. நீங்கள் போய் வாங்கின தேதியைக் கோர்ட் பார்க்காது. உங்கள் குமாஸ்தா விட்டது இது.

10 மார்ச், காலை 7.55

ஐயோ. இந்த வருஷம் பிப்ரவரிக்கு 29 உண்டு. கெடு மார்ச் 4. மேலே 5 என்று எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். 31 வருஷ அனுபவம் ஒரு லீப் வருஷத்தில் வழுக்கிவிட்டது.

ஆக இன்றைக்கு 6 நாள் தாமதம். சித்தப்பா கணக்கில் 35. எங்கே 6, எங்கே 35.

10 மார்ச், இரவு

"6 நாள்தானே, ஒரு மனு போட்டால் மன்னித்துவிடுவார்களா" என்று கேட்கிறீர்கள். அந்த "தானே"-யைக் கோர்ட்டில் சொல்லாதீர்கள்.

காலம் கடந்த அப்பீலை எதிராளி கேட்காவிட்டாலும் ஜட்ஜ் தானாகவே தள்ள வேண்டும் என்கிறது 3-ஆவது பிரிவு. அதற்குப் பக்கத்திலேயே 5-ஆவது பிரிவு ஒரு சந்து விட்டிருக்கிறது. போதுமான காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். "லாம்". உரிமை கிடையாது, கோர்ட்டின் விருப்பம். அப்பீலுடன் கூடவே ஒரு மனுவும் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 41-ஆவது ஆணை, 3ஏ விதி. எதிராளிக்கு நோட்டீஸ் போகும். அவர் எதிர்மனு போடுவார். அதற்கப்புறம்தான் முடிவு.

உங்களுக்குத் தலைக்கு மேல் கத்தி ஒன்றும் தொங்குகிறது. சுவருக்குக் கொடுத்த இரண்டு மாதம் மார்ச் 5-ஓடு முடிந்துவிட்டது. இனி அவர் எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்று மனு, அதாவது டிக்ரிப்படி சுவரை எடுக்க வையுங்கள் என்ற மனு, போடலாம். அப்பீல் போட்டதாலேயே டிக்ரி நிற்காது, தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். தாமதத்தோடு வந்த அப்பீலில் அந்தத் தடையையும் உடனே தரக் கூடாது, அப்பீலைக் கேட்பது என்று முடிவான பிறகுதான் என்று அதே 3ஏ சொல்கிறது. ஆறு நாளின் உண்மையான விலை அது.

12 மார்ச்

மேலே ஒருவர், "காமாலைன்னு எழுதுங்க சார், எல்லாரும் அதான் எழுதுறாங்க" என்று போட்டிருக்கிறார். பகலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் கோர்ட்டுகளில் தாமதத்துக்கு ஒரு தேசிய நோய் உண்டென்றால் அது மஞ்சள் காமாலை. "மனுதாரராகிய நான் மஞ்சள் காமாலையால் பீடிக்கப்பட்டுப் படுத்த படுக்கையாக இருந்து நாட்டு வைத்தியம் செய்துவந்தபடியால் எனது வழக்கறிஞரை அணுகி விவரம் தெரிவிக்க இயலவில்லை." இந்த வாக்கியம் டைப்பிஸ்டுகளுக்கு விரல் பாடம். ஏன் காமாலை? ஆஸ்பத்திரிச் சீட்டு தேவையில்லை, நாட்டு வைத்தியர் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு ரசீது தரமாட்டார். ஒரு மாசம் இழுக்கும் என்று ஜட்ஜுக்கும் தெரியும். பத்தியம் இருப்பதால் வெளியூர் போக முடியாது. நோய்களிலேயே வழக்குக்கு இத்தனை தோதான நோய் வேறில்லை.

உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு இடைஞ்சல். எதிராளி பக்கத்து வீடு. உங்கள் அப்பா தினமும் காலையில் டீக்கடைக்கு நடந்து போவதை அவர் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறார்.

13 மார்ச்

உண்மையான காரணம் என்ன என்று கேட்டேன். "குமாஸ்தா மார்ச் 29 வரை டைம் இருக்குன்னு சொன்னார், நம்பினோம்" என்கிறீர்கள். அதையே எழுதுங்கள். தேதியோடு, யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்று. சட்டம் தெரிந்தவர் தப்பாகச் சொல்லிய கணக்கை நல்லெண்ணத்தோடு நம்புவது போதுமான காரணம் ஆகலாம் என்பது பழைய நிலைப்பாடு.

14 மார்ச்

நேற்று எழுதியது ரொம்பச் சுலபமாகத் தெரிகிறது. அப்படி இல்லை. அந்தப் பிரமாணப் பத்திரத்தை டைப் செய்யப் போவதே அந்தக் குமாஸ்தாதான். சரிபார்த்து அப்பீலைத் தாக்கல் செய்யப் போவது அவருடைய வக்கீல். தன் ஆபீசின் தப்பைத் தன் கையெழுத்தோடு கோர்ட்டில் வைக்க எந்த வக்கீலுக்கு மனசு வரும்? கட்சிக்காரரின் காமாலையில் யாருக்கும் அவமானமில்லை. அதனால்தான் கட்சிக்காரர்களுக்கு இவ்வளவு காமாலை.

சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு, 1998-இல் தீர்ப்பு. ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்யப் போட்ட மனு, ஆள் ஆஜராகாததால் தள்ளுபடி ஆகியிருந்தது. வக்கீல் அதைக் கட்சிக்காரரிடம் சொல்லவேயில்லை. தெரிய வந்து அவர் மறுபடி கதவைத் தட்டும்போது 883 நாள் ஆகியிருந்தது. அந்த ஆள் சும்மா இருக்கவில்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போய் அந்த வக்கீல் 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவே வாங்கிவிட்டார். கீழ்க்கோர்ட் தாமதத்தை மன்னித்தது, ஹைகோர்ட் மறுத்தது, உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் உத்தரவைத் திரும்ப நிறுத்தியது. எத்தனை நாள் என்பது பெரிதல்ல, சொல்கிற காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே அளவுகோல் என்றார்கள். 883 நாள் தப்பித்திருக்கிறது. 6 நாள், 10 நாள் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

14 மார்ச், கொஞ்சம் கழித்து

"6 நாள்" என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு 10 ஆகிவிட்டது தம்பி. இங்கே படித்துக்கொண்டிருக்காமல் ஆபீசுக்குப் போங்கள்.

17 மார்ச்

என் கதையைச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

2009. ஒரு பாட்டியம்மா, வயது எழுபதுக்கு மேல், வண்டிப்பாதை வழக்கு. முன்சீப் கோர்ட்டில் தோற்றார். நான்தான் நகல் மனு போட்டேன். ஸ்டாம்ப் கேட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள், தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வாரம் அக்கா மகள் கல்யாணம். நான் போர்டைப் பார்க்கவில்லை. ஸ்டாம்ப் கட்டாததால் நகல் மனுவே தள்ளுபடி ஆகிவிட்டது. புதுசாகப் போட்டு நகல் வாங்கி அப்பீல் வைக்கும்போது 19 நாள் கூடிப்போச்சு.

சீனியர் வக்கீல் காமாலை போடச் சொன்னார். போட்டேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் விடவில்லை, பாட்டியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். "உங்களுக்கு எப்பம்மா காமாலை வந்துச்சு?" பாட்டி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். "எனக்கா? எங்க வீட்டுக்காரருக்குல்ல வந்துச்சு. அதுலதானே போனாரு" என்றார்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு சத்தமில்லை. மனு தள்ளுபடி.

அந்த 19 நாளைப் பற்றி முடிவு சொல்லக் கோர்ட் எடுத்துக்கொண்ட காலம் இரண்டு வருஷம் மூன்று மாசம்.

19 மார்ச்

நேற்று திங்கட்கிழமை அப்பீல் தாக்கல் ஆகிவிட்டது என்று செய்தி. தாமதம் 14 நாள். பிரமாணப் பத்திரத்தில் உண்மையை எழுத வக்கீல் ஒத்துக்கொண்டாராம். முதலில் "முதியவர், உடல்நலக் குறைவு" என்றுதான் டைப் ஆகியிருந்ததாம், அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "நான் டீக்கடைக்குப் போறதை அவன் பார்க்கிறான்" என்றாராம். வணக்கம் ஐயா உங்களுக்கு.

22 மார்ச்

வேறு வழக்குக்காரர்கள் இந்த இழைக்குள் வந்து தங்கள் கெடுவைக் கேட்கிறார்கள். 5-ஆவது பிரிவை எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நினைக்காதீர்கள்.

வழக்கு போடும் கெடுவுக்கு அது கிடையாது, அப்பீலுக்கும் மனுவுக்கும்தான். மனுவிலும் நிறைவேற்று நடவடிக்கைக்கான 21-ஆவது ஆணைக்கு இல்லை. புரோநோட்டுக்கு மூன்று வருஷம். தாண்டினால் கீழாநெல்லியும் காப்பாற்றாது. கெடு முடிவதற்குள் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு, அவ்வளவே. மத்தியஸ்தத் தீர்ப்பை எதிர்ப்பதாக இருந்தால் மூன்று மாசம், காரணம் காட்டினால் மேற்கொண்டு 30 நாள், "அதற்குப் பிறகு இல்லை" என்று சட்டமே எழுதிவிட்டது. திவால் சட்டத்தில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 30 நாள், மன்னிக்கக்கூடியது 15 நாள். 46-ஆவது நாள் நீங்கள் ஆஸ்பத்திரியில் கோமாவில் கிடந்தாலும் கதவு மூடித்தான் இருக்கும்.

தகவல் உரிமை முதல் மேல்முறையீடு 30 நாள், இரண்டாவது 90. இரண்டிலும் காரணம் சொல்ல இடமுண்டு.

பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், காரணம் எழுதி 90 வரை என்று சட்டத்தில் இருக்கிறது. சாதாரண வழக்கில் அதையும் தாண்டி ஏற்பார்கள். வணிக வழக்கில் 120-ஆவது நாளோடு சரி, ஒரு நாள் கூட நீட்டமாட்டார்கள்.

2 ஏப்ரல்

அப்பீல் கட்டு ரிட்டர்ன் ஆகியிருக்கிறதாம். "தாமத நாட்கள் எவ்வாறு கணக்கிடப்பட்டன எனக் காட்டுக", அப்புறம் பக்க எண் இல்லை, பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) இல்லை. பயப்படாதீர்கள், ரிட்டர்ன் ஆகாத கட்டை நான் பார்த்ததில்லை. சரிசெய்து வைக்க ஒரு கெடு எழுதியிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் அந்தத் தாமதத்துக்குத் தனியாக இன்னொரு மன்னிப்பு மனு. தாமதத்தை மன்னிக்கும் மனுவைத் திரும்ப வைத்ததில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கும் மனு! நான் அப்படிப்பட்டவை நிறைய டைப் அடித்திருக்கிறேன், முகத்தில் சிரிப்பு வராமல்.

11 ஏப்ரல்

8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நிலம் எடுப்பு வழக்கு. தாமதம் 5,659 நாள். பதினைந்தரை வருஷம். இறந்துபோனவர்களின் வாரிசுகள் வந்து கேட்டார்கள், ஹைகோர்ட் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதே ஊரில் மற்றவர்களுக்குக் கூடுதல் தொகை கிடைத்தது என்பதோ, வழக்கில் நியாயம் இருக்கிறது என்பதோ தாமதத்துக்குக் காரணமாகாது என்றிருக்கிறார்கள்.

எனக்கு இதில் மனசு இரண்டாக இருக்கிறது. அப்பன் செத்ததும் வழக்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும் வீடுகளை நான் அறிவேன். டிரங்குப் பெட்டியில் சம்மன் கிடக்கும், மேலே ரேஷன் கார்டு கிடக்கும். ஆனால் மறுபக்கத்தில் ஒருவன் ஜெயித்த டிக்ரியை வைத்துக்கொண்டு வீடு கட்டியிருப்பான், பெண்ணைக் கட்டிக் கொடுத்திருப்பான். பதினைந்து வருஷம் கழித்துக் கதவைத் தட்டினால் அவன் என்ன செய்வான்?

12 ஏப்ரல்

"ஏழைக்குத்தான் இந்தச் சட்டம், சர்க்கார் எத்தனை நாள் கழித்து வந்தாலும் மன்னிக்கிறார்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் முக்கால்வாசி உண்மை. ஃபைல் மேசை மேசையாக நகர்ந்தது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். இந்தத் தேதி இந்த மேசை, அந்தத் தேதி அந்த மேசை, நடுவில் ஒரு அதிகாரி விடுப்பு. சர்க்காரின் மஞ்சள் காமாலை அதுதான்.

2012-இல் தபால் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோது உச்ச நீதிமன்றம் தள்ளியது. கணினிக் காலத்தில் இந்த ஃபைல் கதை எடுபடாது என்றது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள். தள்ளுபடியோடு 25,000 ரூபாய் செலவுத்தொகையும். மேல்கோர்ட்டே தள்ளிவிட்டது என்று ஒரு சான்றிதழ் வாங்கி ஃபைலை மூடுவதற்காகவே வருகிறார்கள் என்று அதில் வெளிப்படையாகவே கண்டித்தார்கள்.

ஆனால் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 1987 தீர்ப்பே சர்க்கார் போட்ட அப்பீல்தான். நான்கே நாள் தாமதம். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பீர்கள் என்றால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கவில்லை என்று கேட்ட தீர்ப்பு அது. சர்க்காரின் நான்கு நாளைக் காப்பாற்றப் போட்ட குடையில் எத்தனையோ பாட்டிகள் ஒதுங்கியிருக்கிறார்கள்.

13 ஏப்ரல்

நேற்று எழுதியதற்கு ஒரு ஒட்டு. தாராளம் என்பது 1987-இல் பிறந்ததில்லை. "13 மெட்ராஸ்" என்று பழைய வக்கீல்கள் சொல்வார்கள், சென்னை ஹைகோர்ட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தீர்ப்பு. அசட்டை, சும்மா இருத்தல், கெட்ட எண்ணம் இந்த மூன்றும் இல்லாவிட்டால் "போதுமான காரணம்" என்பதை விரித்துப் பொருள் கொள்ளலாம் என்றது. நம் ஊர்ச் சரக்கு.

ஒரு நாள் தாமதத்துக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு, ரீவா நிலக்கரிக் கம்பெனி வழக்கு, 1961. கடைசி நாளன்று ஆள் படுத்துவிட்டார், டாக்டர் சான்றிதழ் இருந்தது. "முந்தின நாட்களில் ஏன் போடவில்லை" என்று கீழ்க்கோர்ட்டில் கேட்டார்கள். கடைசி நாள் வரை காத்திருப்பது கட்சிக்காரனின் உரிமை, கெடு முடிந்த பிறகு ஆன நாளுக்குத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் முடிவானது. தம்பி, உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், மார்ச் 4 வரை என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் இது கைகொடுக்கும்.

5 மே

கோர்ட் லீவு. வெயிலில் வேலையில்லை, அதனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 17-ஆம் தேதி, சீனியர் காமாலை போடச் சொன்னார் என்று எழுதினேன். அது உண்மையில்லை. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. "ஏன்யா 19 நாள்?" என்று கேட்டார். "பாட்டிக்கு முடியாம போச்சுங்கய்யா" என்றேன். அவர் நம்பினார். டைப் செய்தது நான், கடைசியில் "படித்துக் காட்டி, புரிந்துகொண்டு கைரேகை வைத்தார்" என்ற வரியையும் டைப் செய்தது நான். படித்துக் காட்டவில்லை. பாட்டி கட்டை விரலை நீட்டினார், மை தடவினேன். கூண்டில் அவர் சொல்லும்போதுதான் தன் பெயரில் காமாலை எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. செத்துப்போன மனுஷனுக்கு வந்த நோய்.

இத்தனை வருஷம் கழித்து ஊர் பேர் தெரியாத இடத்தில் எழுதும்போதும் கை தானாகச் சீனியர் பக்கம் தள்ளுகிறது. அவர் இப்போது இல்லை.

5 மே, இரவு

மீதியையும் எழுதிவிடுகிறேன். மனு தள்ளுபடி ஆன அன்றைக்கு சாயங்காலம் சீனியரிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம் ஹைகோர்ட்டின் மதுரை பெஞ்சில் சிவில் ரிவிஷன் (அந்த உத்தரவை மறுபடி பார்க்கக் கேட்கும் மனு) போட்டார், அதில் என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம். நோட்டீஸ் போர்டைப் பார்க்காதது, கல்யாணம், காமாலை பொய் என்பது எல்லாம். டைப் செய்யும்போது நானே மூன்று முறை தப்பு அடித்தேன்.

3,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லித் தாமதத்தை மன்னித்தார்கள். நான் கட்டினேன். அப்பீல் எண்ணாகி, விசாரித்து, 2013-இல் தள்ளுபடி. சர்வேயர் அளவு பாட்டிக்கு எதிராக இருந்தது. ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் போட்டிருந்தாலும் தோற்றிருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி நினைப்பது எனக்குச் சவுகரியமாக இருக்கிறது என்பதும் தெரியும்.

6 மே

லீவில் கெடு முடிகிறவர்களுக்கு: மே மாசம் நடுவில் கடைசி நாள் விழுந்தால் ஜூனில் கோர்ட் திறக்கும் அன்றைக்குப் போட்டால் போதும், 4-ஆவது பிரிவு. தாமதமே கிடையாது, மனுவும் வேண்டாம். ஆனால் திறக்கும் அன்றைக்கே. மறுநாள் போனால் லீவு நாட்களும் சேர்ந்து தலையில் விழும்.

கவனம், இது சட்டம் கொடுத்த மூலக் கெடுவுக்குத்தான். ஏப்ரலிலேயே கெடு தாண்டியவருக்கு இந்தச் சலுகை ஒட்டாது. மேலே சொன்ன 30 நாள், 15 நாள் மன்னிப்புக் காலம் லீவில் முடிந்தாலும் ஒட்டாது. அது விதிக்கப்பட்ட காலம் இல்லை, கோர்ட் தருகிற கூடுதல்.

கொரோனாவில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மன்னிப்பு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உச்ச நீதிமன்றம் தானாகவே கழித்துவிட்டது. யாரும் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டியிருக்கவில்லை. காமாலைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓய்வு.

15 ஜூன்

நேற்று உங்கள் மனு விசாரணைக்கு வந்ததாமே. எதிராளிக்கு நோட்டீஸ் சார்பாகிவிட்டது (கையில் சேர்ந்துவிட்டது), வக்கீல் வக்காலத்து வைத்து எதிர்மனுவுக்கு நேரம் கேட்டிருக்கிறார். ஜூலை 12-க்கு வாய்தா. 28 நாள். உங்கள் தாமதத்தின் இரண்டு மடங்கு. எதிர்மனு போட அவகாசம் கேட்பதற்குப் பிரமாணப் பத்திரம் தேவையில்லை, எழுந்து நின்று "டைம்" என்றால் போதும்.

நிறைவேற்று மனு இன்னும் போடவில்லை என்கிறீர்கள். நல்லது. சுவர் பக்கம் போய் வெள்ளை அடிப்பது, செம்பருத்தி நடுவது எல்லாம் இப்போது வேண்டாம்.

13 ஜூலை

எதிர்மனு வந்துவிட்டதாம், நகலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் தம்பி. பெயர், ஊர் எல்லாம் மறைத்துவிட்டு அனுப்பியதற்கு நன்றி. நான்காவது பத்தியைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். "மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டிருந்தார் என்பது முற்றிலும் பொய். அவர் பூரண உடல்நலத்துடன் தினந்தோறும் டீக்கடைக்குச் சென்று வருவதை எதிர்மனுதாரர் நேரில் கண்டிருக்கிறார்."

நம் மனுவில் காமாலை என்ற சொல்லே கிடையாது. அந்த ஆபீசிலும் ஒரு குமாஸ்தா இருக்கிறார்.